கடற்பாசியால் கன உலோக நீக்கமும் மீட்பும்: தோல் பதனிடும் ஆலைக் குரோமியத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஆலைக் கழிவுநீரில் கரைந்துள்ள கன உலோகங்களைப் பழுப்புக் கடற்பாசியின் உலர்ந்த உடலம் பற்றிக்கொள்ளும் என்பது 1980களிலிருந்தே ஆய்வுலகம் அறிந்த செய்தியாகும். எனினும் பற்றிய உலோகத்தை எங்குக் கொண்டுசேர்ப்பது என்ற வினாவுக்குப் பெரும்பாலான ஆய்வுகள் இடம் தரவில்லை. பாசி உலோகத்தைப் பற்றும் முறையையும், அம்முறையின் எல்லைகளையும், தமிழகத் தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. மீட்பு வழி முன்கூட்டியே வகுக்கப்படாத நீக்கம், மாசை நீரிலிருந்து பாசிக்கு இடம்மாற்றுவதாகவே முடியும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: பழுப்புக் கடற்பாசி, சர்காசம் வைட்டி, ஆல்ஜினேட், அயனிப் பரிமாற்றம், குரோமியம், தோல் பதனிடும் தொழில்.

முன்னுரை

1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், 'வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்' தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அறிவித்ததால் அத்தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் பின்னணியில் இருந்தது பாலாறு. தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த அப்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியளவிலோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாயிற்று என்னும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் மதிப்பீட்டை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது.

நிலம் கெட்டதற்குக் குரோமியம் மட்டுமே காரணமன்று. உப்பின் பங்கு மிகப் பெரிது. ஆயினும் உப்பைப் போலன்றிக் குரோமியம் விலையுள்ள பொருள். இந்தியாவின் குரோமைட் தாதுவில் பெரும்பகுதி ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் வெட்டியெடுக்கப்படுகிறது. தாது பல வேதிமாற்றங்களைக் கடந்து கார குரோமியம் சல்பேட் என்னும் பதனிடு உப்பாகி, வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆலைகளின் டிரம்களுக்குள் சேர்கிறது. வழக்கமான பதனிடுமுறையில் இடப்பட்ட குரோமியத்தில் அறுபது முதல் எழுபது விழுக்காட்டையே தோல் ஏற்கிறது. எஞ்சியது பச்சைநிறக் கழிவுநீராக வெளியேறுகிறது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும், ஆறிணைதிறக் குரோமியம் 0.1 மில்லிகிராமுக்கும் மிகாமல் இருக்க வேண்டும் என்பது இந்தியப் பொது நெறிமுறை. பதனிடு டிரம்மிலிருந்து நேராக வடியும் நீரிலோ லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் குரோமியம் இருக்கும். இவ்விடைவெளியை எவ்வாறு கடப்பது, கடக்கும்போது உலோகத்தை இழக்காமல் இருப்பது எவ்வாறு என்பனவே இங்கு எழும் வினாக்கள்.

பாசி உலோகத்தைப் பற்றும் விதம்

முதலில் ஓர் ஐயத்தை நீக்குதல் நலம். இங்குப் பேசப்படுவது உயிருள்ள பாசி கழிவுநீரில் வளர்ந்து உலோகத்தை உட்கொள்வது அன்று. கடலிலிருந்து எடுத்து, கழுவி, வெயிலில் உலர்த்தி, சிறு துகள்களாக உடைக்கப்பட்ட இறந்த பாசியே பயன்படுகிறது. அதற்கு உணவு வேண்டா; நச்சு அதனை ஒன்றும் செய்யாது. செயல் முழுவதும் செல்சுவரில் நிகழும் வேதியியலே.

பழுப்புப் பாசியின் செல்சுவரில் செல்லுலோஸ் சட்டகமாக நிற்க, அதன் இடைவெளிகளை ஆல்ஜினிக் அமிலமும் ஃபியூக்காய்டன் என்னும் சல்பேட் ஏற்ற பல்சர்க்கரையும் நிரப்புகின்றன. இனத்தையும் பருவத்தையும் பொறுத்து உலர் எடையில் பத்து முதல் நாற்பது விழுக்காடு வரை ஆல்ஜினேட் இருக்கக்கூடும். மானுரோனிக் அமிலம், குலுரோனிக் அமிலம் ஆகிய இரண்டு அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி அது. ஒவ்வோர் அலகிலும் ஒரு கார்பாக்சில் தொகுதி உண்டு. கடலில் இருக்கும்போது இத்தொகுதிகளில் கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் ஆகிய அயனிகள் அமர்ந்துள்ளன. காட்மியம், காரீயம், செம்பு போன்ற உலோக அயனிகள் வந்தால் அவை இலேசான அயனிகளை வெளியேற்றிவிட்டு அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். பாசியின் உலோகக் கவர்ச்சியில் பெரும்பங்கு இந்த அயனிப் பரிமாற்றமே ஆகும். வெளியேறிய கால்சியம், மக்னீசியத்தை நீரில் அளந்து இதனை உறுதிசெய்ய முடிகிறது.

குலுரோனிக் அலகுகள் தொடர்ந்து வரும் பகுதிகளுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அங்குச் சங்கிலி வளைந்து வளைந்து குழிகளை உண்டாக்குகிறது. இரண்டு சங்கிலிகள் எதிரெதிரே வந்து சேரும்போது, அக்குழிகளுக்குள் ஈரிணைதிற அயனி முட்டைப்பெட்டிக்குள் முட்டை அமர்வதுபோல் அமர்கிறது. கிராண்ட் முதலியோர் 1973இல் முன்வைத்த இவ்வமைப்பு 'முட்டைப்பெட்டி மாதிரி' என்றே வழங்குகிறது. காரீயம், காட்மியம் போன்ற பெரிய அயனிகளைப் பாசி விரும்பிப் பற்றுவதற்கு இக்குழிகளின் அளவும் ஒரு காரணம்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் போஹுமில் வோலெஸ்கியும் அவர்தம் மாணவரும் இத்துறைக்கு அடித்தளமிட்டனர். சர்காசம் இனப் பாசிகளின் உலர் எடையில் கிராமுக்கு ஏறத்தாழ 2 மில்லிமோல் கார்பாக்சில் தொகுதிகள் உள்ளன என்பது அவர்கள் வழிவந்த ஆய்வுகள் தரும் பொதுவான அளவு. இந்த ஓர் எண்ணைக் கொண்டே பலவற்றைக் கணக்கிடலாம். ஈரிணைதிற அயனி ஒன்றுக்கு இரண்டு கார்பாக்சில் வேண்டும் எனக் கொண்டால், ஒரு கிராம் பாசி ஒரு மில்லிமோல் உலோகத்தைப் பற்றும். செம்பாயின் அது சுமார் 64 மில்லிகிராம், காட்மியமாயின் 112, காரீயமாயின் 207. காரீயத்தில் வியக்கத்தக்க பிடிதிறன் கிட்டியதாகப் பல கட்டுரைகள் கூறுவதன் உண்மை இதுதான். காரீயம் எடைமிக்க அணு. பாசி பற்றிய அயனிகளின் எண்ணிக்கை ஒன்றே. உலோகங்களை ஒப்பிடும்போது மில்லிகிராமில் எழுதாமல் மில்லிமோலில் எழுதினால் இம்மயக்கம் நேராது.

அமிலத்தன்மையும் குரோமியத்தின் இரு முகங்களும்

ஆல்ஜினிக் அமிலத்தின் கார்பாக்சில் தொகுதிகள் பி.எச். 3.4 முதல் 3.7 வரையிலான எல்லையில் பாதியளவு அயனியாகின்றன. நீர் இதைவிட மிக அமிலமாயின் ஹைட்ரஜன் அயனிகளே இடங்களை அடைத்துக்கொள்ளும், உலோகத்திற்கு இடமிராது. காரத்தன்மை மிகுந்தாலோ உலோகம் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்துவிடும். அப்போது பாசி பற்றியது எவ்வளவு, தானே படிந்தது எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது.

மூவிணைதிறக் குரோமியம் நேர்மின்சுமை உடையது. மேற்கூறிய விதிகள் அதற்கும் பொருந்தும். ஆறிணைதிறக் குரோமியமோ நீரில் குரோமேட், டைகுரோமேட் என எதிர்மின்சுமை கொண்ட அயனியாகத் திரிகிறது. எதிர்மின்சுமையுடைய கார்பாக்சில் அதனைக் கவர வழியில்லை. இருப்பினும் மிகுந்த அமில நிலையில் ஆறிணைதிறக் குரோமியம் கரைசலிலிருந்து மறைவதைப் பலரும் கண்டனர். அதனைப் 'பரப்புக் கவர்ச்சி' என்றே எழுதினர். உண்மையில் அங்குப் பாசியின் கரிமப்பொருள் ஆக்சிஜனேற்றம் அடைய, குரோமியம் மூவிணைதிற நிலைக்கு ஒடுங்குகிறது. ஒடுங்கிய பின்னரே அதில் ஒரு பகுதியைப் பாசி பற்றுகிறது. கிராட்டோச்வில், பிமென்டெல், வோலெஸ்கி ஆகியோர் 1998இல் இதனைத் தெளிவாக எடுத்துரைத்தனர். அதன் பின்னரும் வெறும் கவர்ச்சி மாதிரிகளைப் பொருத்தி ஆறிணைதிறக் குரோமியத்திற்குப் பிடிதிறன் கணக்கிடும் கட்டுரைகள் வந்தவண்ணம் உள்ளன. கரைசலில் எஞ்சும் மொத்தக் குரோமியத்தை அளவிடாமல் ஆறிணைதிறத்தை மட்டும் அளவிடுவதே இப்பிழையின் வேர்.

தங்கத்திலும் இதுவே நிகழ்கிறது. சர்காசம் நாட்டன்ஸ் என்னும் பாசி, கிராமுக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் தங்கத்தைக் கரைசலிலிருந்து எடுத்தது என்னும் 1980களின் முடிவு அக்காலத்தில் பேரார்வத்தைத் தூண்டியது. கார்பாக்சில் எண்ணிக்கை கொண்டு அதனை விளக்க முடியாது. குளோரோ ஆரேட் எதிர்மின் அயனி. பாசியின்மேல் அது உலோகத் தங்கமாக ஒடுங்குகிறது. பாசியின் இந்த ஒடுக்கும் பண்பைப் பின்னர் மீண்டும் காண்போம்.

அடையாற்றிலிருந்து ஒரு தீர்வு

சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் (அரவிந்தன் முதலியோர், 2004) தென்தமிழகக் கடலில் கிடைக்கும் சர்காசம் வைட்டி என்னும் பழுப்புப் பாசியைப் பதனிடு கழிவுநீரில் சோதித்தனர். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இதனைக் 'கட்டக்கோரை' என்பர். பி.எச். 3.5 முதல் 3.8 வரையிலான நிலையில் ஒரு கிராம் பாசி ஏறத்தாழ 35 மில்லிகிராம் குரோமியத்தைப் பற்றியது.

இந்த எண்ணை முன்னர்ச் செய்த கணக்கோடு ஒப்பிடலாம். மூவிணைதிற அயனிக்கு மூன்று கார்பாக்சில் வேண்டும். கிராமுக்கு 2 மில்லிமோல் கார்பாக்சில் எனில் 0.67 மில்லிமோல் குரோமியம். அதன் எடை 35 மில்லிகிராம். பொருத்தம் அழகாக இருப்பினும் அதனை மெய்ப்பிப்பாகக் கொள்ளலாகாது. பதனிடு நீரில் குரோமியம் தனி அயனியாக மட்டும் இராது. ஹைட்ராக்சில், சல்பேட் ஆகியவற்றோடு இணைந்தும் இருக்கும். ஆயினும் பாசியின் உச்ச எல்லை எங்கே உள்ளது என்பதை அக்கணக்கு உணர்த்துகிறது. இருமடங்கு, மும்மடங்கு என எவரேனும் கூறின், வீழ்படிவு நேர்ந்ததா என்று கேட்பது முறை.

பி.எச். அளவும் கருதத்தக்கது. பதனிடல் முடிந்து வடியும் குரோம் நீரின் இயல்பான அமிலத்தன்மை இதற்கு அருகிலேயே இருக்கும். ஆதலின் அமிலமோ காரமோ பெரிதாகச் சேர்த்து நீரைப் பதப்படுத்த வேண்டிய தேவை இல்லை. மறுபுறம், மூவிணைதிறக் குரோமியம் தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை மிக மெதுவாகவே விட்டுக்கொடுக்கும் இயல்புடையது. செம்பு, காட்மியம் போன்றவற்றை விரைவில் பற்றும் பாசி, குரோமியத்திற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வதற்கு இவ்வியல்பே காரணமாகலாம்.

ஆனால் அவ்வாய்வின் தனிச்சிறப்பு பிடிதிறன் அன்று; அடுத்த படிநிலையே. பற்றிய உலோகத்தை நீர்த்த அமிலத்தால் கழுவி எடுப்பது இத்துறையின் வழக்கம். செம்பு, நிக்கல், காட்மியம் ஆகியவற்றிற்கு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலமே போதும். லிட்டருக்கு 20 மில்லிகிராம் செம்புள்ள ஆயிரம் லிட்டர் நீரிலிருந்து பற்றிய 20 கிராமை ஐந்து லிட்டர் அமிலத்தில் இறக்கினால் லிட்டருக்கு 4 கிராம் செறிவுள்ள கரைசல் கிடைக்கும். அதிலிருந்து மின்னாற்பகுப்பால் செம்பைப் பிரித்தெடுத்தல் எளிது. குரோமியமோ பற்றுவதில் காட்டும் தயக்கத்தை விடுவதிலும் காட்டும், எளிதில் இறங்குவதில்லை.

இறக்காமலே பயன்படுத்தினால் என்ன என்பதே அடையாற்று ஆய்வாளர்களின் எண்ணம். பதனிடு உப்பைத் தயாரிக்கும் தொழிற்சாலையில் சோடியம் டைகுரோமேட்டைக் கந்தக அமிலத்தில் ஒடுக்கிக் கார குரோமியம் சல்பேட் செய்கின்றனர். ஒடுக்கும் பொருளாகச் சர்க்கரைக் கழிவுப்பாகு போன்ற கரிமப்பொருள் இடப்படும். கழிவுப்பாகின் இடத்தில் குரோமியம் ஏற்ற பாசியை இட்டனர். பாசியின் பல்சர்க்கரைகள் டைகுரோமேட்டை ஒடுக்கித் தாம் சிதைந்தன. அவை பற்றியிருந்த குரோமியமும் கரைசலில் கலந்து பதனிடு உப்பின் பகுதியாயிற்று. தங்கத்திலும் ஆறிணைதிறக் குரோமியத்திலும் நாம் கண்ட அதே ஒடுக்கும் பண்புதான் இங்குப் பணிசெய்கிறது. நீரிலிருந்து எடுத்த உலோகம் தோலுக்கே திரும்புகிறது. பாசி கழிவாக எஞ்சுவதில்லை. இத்துறையில் இக்கட்டுரையாளர் பயின்ற ஆய்வுகளுள் வட்டம் முழுமையாக மூடப்பட்டவை மிகச் சில. அவற்றுள் இது ஒன்று.

எரித்தால் என்ன?

உலோகம் ஏற்ற பாசியை 'எரித்துச் சாம்பலிலிருந்து உலோகத்தைப் பெறலாம்' என்னும் ஒரு வரி பல ஆய்வேடுகளின் இறுதியில் காணப்படுகிறது. பிற உலோகங்களுக்கு எப்படியோ, குரோமியத்தைப் பொறுத்தவரை அவ்வரி ஆபத்தானது. குரோமைட் தாதுவிலிருந்து குரோமேட் உற்பத்தி செய்யும் முறை யாது? தாதுவைச் சோடியம் கார்பனேட்டுடன் கலந்து காற்றோட்டத்தில் வறுப்பதே. கடற்பாசியின் சாம்பலில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் காரச் சேர்மங்கள் மிகுதி. குரோமியம் ஏற்ற பாசியைத் திறந்த காற்றில் எரிப்பது அவ்வாலையின் வினையைச் சிறு அளவில் அறியாமலே நடத்துவதாகும். ஒப்பீட்டளவில் நச்சுக் குறைந்த மூவிணைதிறக் குரோமியத்தில் ஒரு பகுதி, நீரில் எளிதில் கரைவதும் புற்றுநோய் விளைப்பதுமான ஆறிணைதிற வடிவத்திற்கு மாறும். இராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் இயக்கம் நின்ற ஒரு குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து கசியும் மஞ்சள்நிற நீரை அவ்வூரார் நன்கறிவர். அந்நிறத்தை உண்டாக்குவது இவ்வடிவமே. செங்கல் சூளைக்கோ கொதிகலனுக்கோ இப்பாசியை எரிபொருளாக அனுப்பும் பரிந்துரைகளை ஆய்வாளர் எழுதாதிருத்தல் வேண்டும்.

எங்கே பயன்படுத்துவது

நிரல் வழியாக நீரைச் செலுத்தும் முறையே ஆலைக்கு உகந்தது. பாசித்துகள் நிரப்பிய குழாயின் ஒருமுனையில் கழிவுநீர் புகுந்து மறுமுனையில் தூய்மையுற்று வெளிவரும். துகள்கள் நிறைவுற்றதும் உலோகம் கசியத் தொடங்கும். மண்டபம் பகுதிப் பாசியான டர்பினேரியா ஆர்னேட்டாவைக் கொண்டு செம்பு நீக்கத்தை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் (விஜயராகவன் முதலியோர், 2005) இவ்வாறு ஆராய்ந்துள்ளனர். ஏட்டில் எளிமையாகத் தோன்றும் இது கையில் அவ்வளவு எளிதன்று. இக்கட்டுரையாளர் முதன்முதலில் அமைத்த நிரலில், சலிக்காத தூளை உலர்ந்த நிலையிலேயே நிரப்பியதால் அது நீர்பட்டு உப்பி, ஓட்டம் நின்று, கண்ணாடிக் குழாயே விரிசல் விட்டது. அதற்கு முன் வடிந்த சிறிதளவு நீரும் தேநீர்போல் பழுப்பாக இருந்தது. பாசியிலிருந்து கரையும் அக்கரிமப்பொருள் நீரின் வேதி ஆக்சிஜன் தேவையை உயர்த்தும். உலோகத்தை நீக்கப்போய் வேறொரு நெறிமுறையை மீறும் நிலை அது. கால்சியம் குளோரைடுக் கரைசலில் ஊறவைத்தால் ஆல்ஜினேட் இறுகிக் கரைதல் பெரிதும் குறையும். ஊறவைத்துச் சலித்த துகளையே இப்போது பயன்படுத்துகிறோம்.

அளவுகளைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குரோமியம் உள்ள டிரம் நீர் ஒரு கனமீட்டரில் 2 கிலோ உலோகம் இருக்கும். கிராமுக்கு 35 மில்லிகிராம் என்ற உச்ச அளவிலும் அதற்கு 57 கிலோ உலர் பாசி வேண்டும். அத்தகைய செறிந்த நீருக்கு மக்னீசியம் ஆக்சைடு இட்டுக் குரோமியத்தை வீழ்படியச் செய்து, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் டிரம்முக்கு அனுப்பும் முறை நம் ஆலைகளில் ஏற்கெனவே வழக்கத்தில் உள்ளது, மலிவானதும்கூட. பாசிக்குரிய இடம் அதன் பின்னே உள்ளது. வீழ்படிவுக்குப் பிறகும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் எஞ்சுமாயின், ஒரு கனமீட்டருக்கு 10 கிராம் உலோகமே. உச்ச அளவில் 300 கிராம் பாசி போதும். செறிவு குறையும்போது பிடிதிறனும் குறையும் ஆதலால் நடைமுறையில் அதனினும் பன்மடங்கு தேவைப்படலாம். அப்போதும் அது தாங்கத்தக்க அளவே. வீழ்படிவு முறைக்கு எட்டாத கடைசிச் சில மில்லிகிராம்களுக்கே பாசி ஏற்றது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. டிரம் நீருக்கே பாசியைப் பரிந்துரைப்பது பாசிக்கும் நீதியன்று, கடலுக்கும் நீதியன்று.

இத்தகைய கவர்பொருள்களை விற்க 1980களிலும் 90களிலும் வட அமெரிக்காவில் நிறுவனங்கள் தோன்றின. அவை நிலைபெறவில்லை. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரே தரத்தில் கிடைக்கும் செயற்கைப் பிசின்களோடு, பருவத்திற்குப் பருவம் ஆல்ஜினேட் அளவு மாறும் இயற்கைப் பொருளால் போட்டியிட இயலாமை அதற்கு ஒரு காரணம். தமிழகத்தில் பாசி விளையும் கடலும் அதனை வேண்டும் ஆலைகளும் ஒரே மாநிலத்தில் இருப்பது ஒரு வாய்ப்பே. எனினும் அக்கடல் யாருடையது என்ற வினா உடன் எழுகிறது.

பாசி எடுப்போர்

மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அப்பகுதியில் 1960கள் முதல் வணிகத்திற்காகப் பாசி எடுக்கப்பட்டு வருகிறது. மரிக்கொழுந்துப் பாசி அகர் ஆலைக்கும், கட்டக்கோரை ஆல்ஜினேட் ஆலைக்கும் செல்கின்றன. கையில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுப்போருள் பெண்கள் மிகுதி. பூங்காவின் வரம்புகளால் அவர்தம் பிழைப்பு சுருங்கியதும், அவர்களே கூடிப் பாசி எடுக்கும் நாள்களைக் குறைத்து இனப்பெருக்கப் பருவத்தில் ஒதுங்கியிருக்க முடிவுசெய்ததும் நாடறிந்தவை. கட்டக்கோரைப் படுகைகள் மீன்குஞ்சுகளின் புகலிடமாதலின், புதியதொரு தொழில் அவற்றின்மேல் கைவைத்தால் முதலில் இழப்பவர் இம்மக்களே.

ஆல்ஜினேட் பிரித்தெடுத்த சக்கையைக் கழிவுநீருக்குப் பயன்படுத்தலாமே என்பது இயல்பாகத் தோன்றும் யோசனை. ஆனால் உலோகத்தைப் பற்றும் கார்பாக்சில் தொகுதிகளின் பெரும்பகுதி ஆல்ஜினேட்டோடு வெளியேறிவிடுகிறது. சக்கையில் எஞ்சுவது செல்லுலோஸே. அலையால் கரையொதுங்கும் பாசி இதனினும் நல்ல தேர்வு. மணலும் பிற பாசிகளும் கலந்திருப்பதால் ஆல்ஜினேட் ஆலை அதனை விரும்பி வாங்குவதில்லை. கழிவுநீர்த் தொட்டிக்கு அக்கலப்பு அத்துணைப் பெரிய குறையன்று. மூழ்கி எடுக்க வேண்டாத அப்பாசியை வாரி, நன்னீரில் கழுவி, உலர்த்தித் தருவதற்கு என்ன கூலி கட்டுபடியாகும் என்பதைக் கடற்கரைப் பெண்களிடமே கேட்டறிய வேண்டும். கரையொதுங்கிய பாசியின் ஆல்ஜினேட் எத்தனை நாளில் அழுகிக் குறைகிறது என்பதையும் அளவிட வேண்டும். இவ்விரண்டும் தெரிந்த பின்னரே இராணிப்பேட்டையின் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திற்கு எத்தனை மூட்டைப் பாசி வேண்டும், அதற்கு என்ன விலை தரலாம் என்ற கணக்கைத் தொடங்க முடியும்.